கன்னி மூலைக் குட்டை

சத்தம் நின்றுவிட்டது. மறுபடியும் நின்றுவிட்டது. இப்போதுதான் ஆரம்பித்தது, நான் ஒரு கை வெங்காயம் உரிப்பதற்குள் நின்றாயிற்று. பொக்லைன் நின்றால் டீசல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, டிரைவர் மாதேசன் பீடி பிடிக்கப் போய்விட்டான் என்றும் அர்த்தமில்லை, எங்கள் வீட்டுக்காரர் குடையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். மழைக்காகக் கொண்டுபோன குடை இல்லை அது, மெஷினை நிறுத்துவதற்கென்றே கொண்டுபோன குடை. அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்திருக்கிறது, குட்டை வெட்டுவது தென்மேற்கே, நடுவில் வீடு, தண்ணீர்த் தொட்டி, மாட்டுக் கொட்டகை, எனக்கு ஒன்றும் தெரியாது, காலையிலிருந்து காதை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்ணைக் கிளறும்போது ஒரு உறுமல், தூக்கும்போது ஒரு முனகல், கொட்டும்போது பொதபொதவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அங்கே இப்போது என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? எங்கள் வீட்டுக்காரர் சாமியப்பன், ரிட்டையர்டு சர்வேயர், இந்தப் பக்கம் நாலு எட்டு நடப்பார், அந்தப் பக்கம் நாலு எட்டு நடப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பார், வானத்தைப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் வடக்கே தள்ளிக்கலாமா மாதேசா என்று கேட்பார். காலையில் வேலியோரம் ஆரம்பித்த குட்டை, தள்ளித் தள்ளி இப்போது புளியமரத்துக்கு வந்திருக்கும். இப்படியே போனால் சாயங்காலம் வீட்டுக்குள் வந்துவிடும், நான் நீந்திக்கொண்டே சோறாக்க வேண்டியதுதான்.

வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது. சின்ன வெங்காயம், புதுசு, இப்படித்தான் கரிக்கும். அரிசிம்பருப்புச் சோறுதான் இன்றைக்கு, மாதேசன் கோழி அடிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பான் போல, புரட்டாசி என்றதும் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். புரட்டாசி கடைசிக்கு வந்துவிட்டது, அதுதான் என் கவலை. விடியும்போது வெளுத்துக் கிடந்த வானம் இப்போது ஜன்னல் ஓரமெல்லாம் கருத்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கோ நாளைக்கோ பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நாலு நாள் கொட்டும், குண்டடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் கிடக்கிற இந்தக் காட்டுக்கு வருசத்துக்கு வானம் கொடுப்பது அந்த நாலு நாள்தான், அதையும் பிடித்துவைக்கத் துப்பில்லை எங்களுக்கு. போர் வற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வருவதற்குப் பதில் இருமல் வருகிறது. தென்னையில் மட்டையெல்லாம் தொங்கிவிட்டது, குரும்பை காயாகாமலே கொட்டுகிறது, காலையில் வாசல் கூட்டும்போது வாரி வாரிப் போடுகிறேன், கையில் எடுத்தால் கனமே இல்லை. மோகன்ராஜ் திருப்பூரிலிருந்து வந்தான், என் மகன், அங்கே மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான், அப்பாவை உட்காரவைத்துப் பேசினான். "இந்த மழைக்கும் போர் ஊறலீன்னா தோட்டத்தக் கைமாத்திட்டு அங்க வந்துருங்கப்பா, ரெண்டு பேரும் இங்க கெடந்து என்ன பண்ணப் போறீங்க." இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தோட்டத்தைப் பற்றிப் பேசாதே என்று ஒரு அதட்டுப் போட்டிருக்க வேண்டாமா? "செரி கண்ணு, இந்த மழையப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்தாயிற்று. என்னை யார் கேட்டார்கள்? அந்த மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது, திறந்தால் எதிரில் இன்னொரு ஜன்னல், அதில் ஒரு நாய் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாயைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க என்னால் முடியாது. மழைக்கு முன்னால் குட்டை வேண்டும், ஓடுகிற தண்ணீர் அதில் நின்றால் போர் ஊறும், போர் ஊறினால் தென்னை பிழைக்கும், தென்னை பிழைத்தால் நான் இங்கே இருப்பேன். இதில் புரியாமல் போவதற்கு என்ன இருக்கிறது? மெஷின் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

தெரியாத மனுசராக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஊர்க்காட்டையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர், எவன் வரப்பு எவன் நிலத்தில் ஏறியிருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். எங்கள் காட்டையும் அவரேதான் லெவல் பார்த்தார். "பாரு புள்ள, நம்ம காடு பூராவும் கன்னி மூலைக்குத்தான் சாயுது, அங்க ஒரு குட்டை எடுத்தா ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகாது" என்று என்னிடம் வந்து சந்தோசமாகச் சொன்னார். கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை. அதைச் சொல்ல லெவல் எதற்கு, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துணி துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. மழை என்றால் செக்கச் செவேலென்று திரண்டு போய்க் கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடையில் விழும். அங்கே ஒரு பள்ளம் பறித்திருந்தால் போன வருசமே வேலை முடிந்திருக்கும். முடியவிட்டால்தானே. யாரோ பேச்சைக் கேட்டு வாஸ்து நாச்சிமுத்துவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாச்சிமுத்து கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்தான், என் வீட்டில் மோரை வாங்கிக் குடித்தான், குடித்துவிட்டு, "தண்ணி ஈசானிய மூலையிலதானுங்க இருக்கோணும், கன்னி மூலை மேடாத்தான் இருக்கோணும், அங்க குழி எடுத்தா ஆகாதுங்" என்றான். யாருக்கு ஆகாது, என்ன ஆகாது என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் இவரை வேலியோரம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது இவர் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதான், லெவலும் போயிற்று சர்வேயும் போயிற்று. ஈசானிய மூலை, வடகிழக்கு, எங்கள் காட்டிலேயே அதுதான் உச்சி மேடு. அந்த மேட்டில் குட்டை வெட்டினார், அளந்து அளந்து, கரையெல்லாம் அழகாகச் சாய்த்து, படி வைத்து. மழை வந்தது, தண்ணீரெல்லாம் வழக்கம்போல இந்தப் பக்கமாக ஓடி ஓடையில் விழுந்தது, குட்டையில் ஒரு தவளை கால் நனைக்கிற அளவுக்கு நின்றது. அத்தோடு விட்டதா? வெறும் குட்டை வீட்டுக்கு ஆகாது என்று நாச்சிமுத்து போனில் சொன்னானாம். அதற்காகப் போர்த் தண்ணீரைக் குழாய் போட்டு மேட்டுக்கு ஏற்றிக் குட்டையை நிரப்பினார் இந்த மனுசர். போர் ஊறுவதற்காகக் குட்டை வெட்டிவிட்டு, குட்டை நிறைவதற்காகப் போரை இறைத்தால் அதற்கு என்ன பேர்? நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெயில் குடித்தது, மறுபடி இறைத்தார், மறுபடி குடித்தது. ஒரு நாள் போர் இருமியது. டீக்கடையில் கேட்கிறார்களாம், "ஏனுங் சர்வேயரே, உங்க குட்டையில மீன் உட்டிருக்கறீங்களா, கருவாடு உட்டிருக்கறீங்களா" என்று. வந்து என்னிடமே சொல்கிறார், சிரிக்க வேறு செய்கிறார்.

அதோ, ஓடுகிறது. உறுமல் கேட்கிறது. எந்தப் பக்கம்? கொட்டகைக்குப் பின்னால் கேட்கிற மாதிரி இருக்கிறது, அப்படியானால் வடக்கே வந்துவிட்டது, இல்லை, காற்று திரும்பியிருக்கும். துவரம்பருப்பைக் களைந்து அரிசியோடு போட்டாயிற்று, பூண்டு தட்ட வேண்டும், பூண்டு எங்கே வைத்தேன், இங்கேதான். காலையில் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது, நான்தான் கெடுத்தேன் என்கிறார். மாதேசன் மெஷின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான், இவர் கற்பூரம் காட்டினார், முதல் மண் எடுக்கப் போகிற நேரத்துக்கு எனக்குத் தும்மல் வந்தது. கற்பூரப் புகை, நான் என்ன செய்வேன்? என் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை, பஸ்ஸில் தும்மினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அதுவும் ஒற்றைத் தும்மல். நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் இவருக்குக் கை கால் ஓடாது. "இன்னொண்ணு போடு புள்ள" என்றார். கடையில் வாங்குகிற சாமானா, இன்னொன்று போடுவதற்கு? முந்தானை நூலை மூக்கில் விட்டுப் பார்த்தேன், வரவில்லை. மாதேசன் மெஷின் மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான். கடைசியில் வாயாலேயே ஹச் என்றேன். பொய்த் தும்மல் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். "ஆச்சு, ரெட்டைத் தும்மல்" என்று அவரே சொல்லிக்கொண்டார், பிறகு என்னைப் பார்த்து, "நீ ஊட்டுக்குப் போ, இந்தப் பக்கமே வராத" என்றார். வரவில்லை. வந்து எனக்கென்ன ஆகவேண்டியிருக்கிறது. ஆனால் இவர் மட்டும் தண்ணீர் வேண்டும் தண்ணீர் வேண்டும் என்று அடுப்படிக்கு வந்துகொண்டே இருக்கிறார். ஒரு குடத்தில் கொண்டுபோய் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருகிறார், ஒரு வாய் குடிக்கிறார், மீதியை வைத்துவிட்டுப் போகிறார். வேலை நடக்கிற இடத்தில் நிற்காமல் இப்படி நடந்துகொண்டிருந்தால் மெஷின் எப்படி ஓடும்?

ஒரு வாரமாகவே இப்படித்தான். போர் இருமிய பிறகு வேறு வழியில்லாமல், "செரி, நீ சொல்ற எடத்துலயே வெட்டிக்கலாம்" என்றார், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார், வெள்ளக்கோயிலுக்கு உங்கண்ணன் வீட்டுக்குப் போய்வா, போய் ரொம்ப நாளாச்சு, ஒரு நாலு நாள் இருந்துவிட்டு வா. என் அண்ணன் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். நான் போய்விட்டால் மெஷின்காரனுக்கு யார் சோறு போடுவது, நீங்களா? அதற்கு முன்னால் இன்னொரு கூத்து, கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை செக்கப். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறேன், கேட்டால்தானே. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, சாப்பிடவைத்து ரத்தம் எடுத்து, நெஞ்சில் என்னத்தையோ தடவி டிவியில் பார்த்து. பத்து ரூபாய் மாத்திரைக்கு மூக்கால் அழுகிறவர், வராந்தாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதும் அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நெஞ்சு வலி வந்தது இவருக்கு, ஸ்டென்ட் வைத்திருப்பது இவருக்கு, செக்கப் எனக்கு. போன வருசம் பங்குனியில், கல்யாண மண்டபத்தில், பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு இலையைப் பார்த்தபடியே வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை, நான் எதிர்ப்பந்தியில் இருந்து பார்த்தேன், எழுந்து ஓடும்போது என் கால் யார் இலையையோ மிதித்தது, அந்த இலையின் ஈரம் இப்போதும் என் காலில் இருக்கிறது. அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் குக்கருக்கு மூடி போடத் தெரியாது எனக்கு. அந்த பயத்தில்தான் கன்னி மூலை கன்னி மூலை என்று நடுங்குகிறார் என்று எனக்குத் தெரியாதா? குழி விழுந்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது, இதைத்தான் நாச்சிமுத்து வேலியோரம் காதில் ஓதியிருப்பான். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உசுரு மேல அவ்வளவு ஆசைங்களா உங்களுக்கு? தென்னை செத்தாலும் பரவால்ல, நீங்க நூறு வருசம் இருக்கோணுமா?" துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆமா புள்ள, உசுரு மேலதான் ஆசை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எவ்வளவு எரிச்சலாக இருந்தது தெரியுமா எனக்கு. அந்த எரிச்சலோடேயே போய் மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன், அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, குட்டையும் அங்கேதான் வெட்ட வேண்டும், இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள் தாயே என்று. வாஸ்துவெல்லாம் சுத்தப் பித்தலாட்டம். ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

நின்றுவிட்டது. பாவி மனுசா. குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டது, அல்லது இரண்டு. இப்போது போன் அடிக்கிறது, அவர் போன்தான், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், முருகன் பாட்டு வைத்திருக்கிறார், எடுக்கும்வரை நிற்காது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் நாச்சிமுத்து என்று வருகிறது. நல்ல நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறான். "சாமியப்பண்ணனுங்களா?" என்றான். "அவிய இல்லீங், கன்னி மூலையில நிக்கறாங்க, குட்டை வெட்டறாங்க" என்றேன், வேண்டுமென்றே ஒவ்வொரு வார்த்தையாக. "வெட்டறாங்களா" என்றான், "செரிங், வேற வழியில்லீன்னு சொல்லிட்டுத்தான் இருந்தாரு. நீங்க வெள்ளக்கோயிலுக்கு உங்கண்ணனூட்டுக்குப் போகலீங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எதுக்குங் அண்ணனூட்டுக்குப் போகோணும்? என்ற ஊட்டுல சோறாக்கிட்டிருக்கறேன்." "ஐயோ, என்னங்கம்மா இது, குழி எடுக்கறப்ப நீங்க ஊட்டெல்லையிலயே இருக்கக் கூடாதுன்னு அண்ணங்கிட்ட அத்தனை தடவை சொல்லியிருந்தேனே." "நான் இருந்தா என்னங்? அவியளுக்குத்தான ஆகாது?" "அவருக்கு எதுக்குங்கம்மா? கன்னி மூலைன்னு பேருலயே இருக்குதுங்களே. கன்னின்னா பொம்பளைதானுங்களே. அது ஊட்டம்மாளோட மூலைங், அங்க பள்ளம் உழுந்தா ஊட்டம்மாளுக்குத்தான் ஆகாது. அண்ணன் உங்ககிட்ட சொல்லலீங்களா?" நான் ஏதோ சொன்னேன். சொன்னாங்க, சொன்னாங்க என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். போனை வைத்தேன். டப்பாவின் மேல் வைத்தேன், விழுந்தது, எடுத்து மறுபடி வைத்தேன்.

கன்னியாம். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற என்னைப் போய்க் கன்னி என்கிறான் அந்தக் கிறுக்கன். எத்தனை தடவை அந்த வார்த்தையை நானே சொல்லியிருப்பேன், கன்னி மூலையில் வெட்டுங்கள், கன்னி மூலையில் வெட்டுங்கள் என்று இந்த வீட்டுச் சுவரெல்லாம் கேட்கும்படி கத்தியிருக்கிறேன், ஒரு நாளாவது அதற்குள் ஒரு பெண் இருப்பது தோன்றியதா? வெள்ளக்கோயில் என்றால் ஊர், கன்னி மூலை என்றால் மூலை, அவ்வளவுதான். குக்கர் மறுபடி அடிக்கிறது, அடிக்கட்டும். அப்படியானால் அந்த மேட்டுக் குட்டை. அப்படியானால் கருவாடு. டீக்கடையில் உட்கார்ந்து அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, சர்வேயருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றுகூடத் தெரியாது என்று பேர் வாங்கிக்கொண்டு, போரைச் சாகடித்து, மகனுக்கு வாக்குக் கொடுத்து, இத்தனையும் எனக்காகவா செய்தீர்கள்? யார் செய்யச் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, போங்க மாமா, உங்களுக்கென்ன கிறுக்கா என்று ஒரே பேச்சில் முடித்திருப்பேனே. சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு வெட்டத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. எரிச்சலாக வருகிறது. அழுகையாகவும் வருகிறது, வெங்காயத்தை எப்போதோ உரித்து முடித்துவிட்டேன், அதன் மேல் பழிபோட முடியாது. உசுரு மேலதான் ஆசை என்றாரே. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாரே, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? இல்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். புரிந்திருக்குமா? இடது கை லேசாக மரத்துப்போன மாதிரி இருக்கிறது. வெங்காயம் பிடித்திருந்த கை, அப்படித்தான் இருக்கும். நேற்றுக்கூட மாடிப்படி ஏறும்போது தலை கொஞ்சம் சுற்றியது, அது வெயில். மெஷின் காலையிலிருந்து எவ்வளவு மண் எடுத்திருக்கும்? எடுத்த குழியை மூடினால் மூடியதாகுமா, எடுத்தது எடுத்ததுதானா? சீ, என்ன நினைப்பு இது. ரத்தம் முதற்கொண்டு பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறேன் என்று அந்த டாக்டர் சொன்னார். வாஸ்துவெல்லாம் பித்தலாட்டம். நாச்சிமுத்துவுக்கு மோர் கொடுத்திருக்கக் கூடாது.

செருப்புச் சத்தம். தண்ணீருக்கு வருகிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாசப்படியில் நின்று, "ஒரு சொம்பு தண்ணி குடு புள்ள" என்றார், வேட்டியெல்லாம் செம்மண், குடையைக் கதவோரம் சாய்த்தார். காலையிலிருந்து எத்தனை தடவை இப்படி வந்து நின்றார், ஒரு தடவையாவது அவர் கண் சொம்பின் மேல் இருந்ததா என்று இப்போதுதான் பார்க்கிறேன். என் முகத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார், எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார், பிறகுதான் சொம்பை வாங்குகிறார். "கண்ணு ஏன் செவந்திருக்குது?" என்றார். "வெங்காயம்ங். எந்த எடத்துலீங் வெட்டறீங்க இப்ப?" "வேலியில இருந்து சித்தே தள்ளி." "சித்தேன்னா?" சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிக்கிறார். "தள்ளுனா தண்ணி வராதுங் மாமா. உங்களுக்குத் தெரியாததா? மழை மறுபடியும் ஓடைக்குத்தான் போகும், நாம தைமாசம் திருப்பூருக்குத்தான் போவோம். நீங்களே லெவல் பாத்தீங்கல்ல, அந்த எடத்துலயே வெட்டச் சொல்லுங்க." "வெட்டலாம். நீ மட்டும் ஒரு ரெண்டு நாளைக்கு வெள்ளக்கோயில்..." "நான் எங்கயும் போகலீங். எனக்கு ஒண்ணும் ஆகாது." வாயிலிருந்து விழுந்துவிட்டது. அள்ள முடியாது. சொம்பை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே நின்றார், தண்ணீர் முகவாயில் ஒழுகிச் சட்டையில் இறங்கியது. போன் கிடக்கிற டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கரண்டியைத் தேடினேன். கரண்டி என் கையில்தான் இருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன், போன வருசத்துக்கும் இந்த வருசத்துக்கும் சேர்த்து நன்றாகத் திட்ட வேண்டும் என்று. "நெசமாலுமே ஒண்ணும் ஆகாதா புள்ள?" என்றார். அந்தக் குரலை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. "ஆகாதுங். கோயமுத்தூர்ல எல்லாத்தையும் பாத்தாச்சில்ல? அத்தனை ரத்தத்தை எதுக்குக் குடுத்தேன், சும்மாவா? போங்க, போய் வேலையப் பாருங்க." "ஆகாதுன்னா செரி" என்றார். சொம்பை வைத்தார். போனார், நாலு எட்டு வைத்துத் திரும்பி வந்து, மறந்த குடையை எடுத்துக்கொண்டார், மறுபடி ஒரு தடவை என்னைப் பார்த்தார், போனார்.

செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. தொட்டியைத் தாண்டியிருப்பார். கொட்டகை. இப்போது வேலிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. மேற்கே எங்கோ இடி உருட்டுகிறது, ஆரம்பி மாதேசா, உனக்குப் புண்ணியமாகப் போகும். குக்கரை இறக்கிவைத்தேன், அடியில் லேசாகப் பிடித்த வாசனை, பரவாயில்லை, மேலாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வாணலியில் கடலெண்ணெய் ஊற்றினேன், கடுகு, சீரகம், கறிவேப்பிலை. அப்போது கேட்டது. உறுமல், தூரத்திலிருந்து, நல்ல தூரத்திலிருந்து, வேலியோரத்திலிருந்து, சரியான இடம். அள்ளுகிறது, தூக்குகிறது, கொட்டுகிறது. நிற்கப் போகிறது இப்போது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. மறுபடி அள்ளுகிறது, ஆழமாகப் போகிறது, சத்தமே மாறிவிட்டது, கீழேயிருந்து வருகிறது. வெட்டு, நன்றாக வெட்டு, தண்ணீர் வரட்டும். எனக்குப் பயமில்லை. இனிமேல் எனக்குத் தலை வலித்தால் தலை வலிக்கிறது என்று சொல்ல முடியாது இந்த வீட்டில், முழங்கால் வலித்தால் முழங்கால் என்று சொல்ல முடியாது, சொன்னால் மறுநாளே மனுசர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குட்டையை மூடிக்கொண்டிருப்பார். என்ன ஒரு கழுத்தறுப்பு. மழை நின்று குட்டை நிறைந்து போர் ஊறித் தென்னை பாளை விடும்வரையாவது நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தாக வேண்டும். வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். கிள்ளிப் போட்டிருக்கக் கூடாது. நெடி எழும்பி நேராக மூக்குக்கு வந்தது, மூக்கு நுனியில் ஆரம்பித்துவிட்டது, எனக்குத் தெரியும் இது எங்கே போய் முடியும் என்று, தொட்டியைத் தாண்டும், கொட்டகையைத் தாண்டும், அதுவும் ஒற்றையாகத்தான் வரும், குடையைத் தூக்கிவிடுவார். முந்தானையைச் சுருட்டி மூக்கிலும் வாயிலும் திணித்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டேன். தும்மல் உள்ளேயே வெடித்தது. தலை அதிர்ந்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது, இரண்டு காதும் அடைத்துப்போய் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை, மெஷின் இல்லை, இடி இல்லை, எண்ணெய் பொரிகிற சத்தம்கூட இல்லை. கேட்டுவிட்டதோ, நின்றுவிட்டதோ, ஓடி வருகிறாரோ. எச்சிலை விழுங்கினேன். மறுபடி விழுங்கினேன். மெல்ல ஒரு காது திறந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.